ஏணியில் இரண்டாவது படி

அந்தப் பெண் என் முன்னால் ஒரு தாளை நீட்டினாள். தாளில் ஓர் ஏணி. சாய்த்து வைக்கச் சுவரும் இல்லை, ஏறிப் பறிக்க மரமும் இல்லை. வெள்ளைத் தாளின் நடுவில் தன்னந்தனியாக நின்றது. படிகளை எண்ணினேன். பத்து.

“ஆக மேல இருக்கிற படிதான் ரொம்ப நல்ல வாழ்க்கைன்னு வச்சுக்கங்கம்மா. ஆகக் கீழ இருக்கிறது ரொம்ப மோசமான வாழ்க்கை. இப்ப நீங்க எத்தனாவது படியில நிக்கிறீங்க?”

மாசி மாதம். காலை வெயில் கிரில் கேட்டைத் தாண்டிக் கட்டம் கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. நான் மின்விசிறிக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியெல்லாம் பச்சை வாடை. முட்டி வலிக்காரியிடம் வந்து ஏணியைக் காட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

(போன வாரம் அந்த முட்டியைப் பற்றி எழுதியதும் எண்ணெய், இலை, பட்டை என்று ஆளுக்கொரு வைத்தியம் எழுதி அனுப்பிய வாசகர்களுக்கு நன்றி. எல்லாவற்றையும் பூசினால் முட்டி இருக்கும் இடமே தெரியாமல் போய்விடும். அதுவும் ஒரு குணம்தான்.)

பெண்ணின் பெயர் நிவேதா. மதுரையில் ஒரு கல்லூரியில் பெரிய படிப்புப் படிக்கிறாள். கிராமத்துப் பெண்கள் தங்கள் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, அதைப் புத்தகமாகக் கட்டிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம் கிடைக்குமாம். நெல்லுக்குத் தரம் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். கையில் அள்ளி ஊதுவார்கள், ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். மனுஷருக்கும் பார்ப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. கடிக்காமல் விட்டாளே.

நான் ஏணியை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். மொச்சைத் தோலை முறத்தில் தட்டிவிட்டு, “அஞ்சு” என்றேன்.

அஞ்சு என்றால் வம்பில்லை

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்குப் பக்கம். எங்கள் தெருவில் முப்பது வீடு இருக்கும். விவசாயக் குடும்பங்கள்தான், இப்போது பாதிப் பேர் மாதச் சம்பளம். இந்த முப்பது வீட்டிலும் ஒரு பெண்பிள்ளைகூடத் தன் வாயால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல மாட்டாள். நல்லா இருக்கீகளா என்று கேட்டால், ஏதோ இருக்கேன் என்பாள். அன்று காலையில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தாலும் ஏதோ இருக்கேன்தான்.

யோசித்துப் பாருங்கள். பத்து என்று சொல்லிவிட்டு எழுந்தால் நிலைப்படி தடுக்கிவிடும், கண் அவ்வளவு பொல்லாதது. எட்டு என்றால் ரேஷன் கார்டில் எதையாவது வெட்டிவிடுவார்களோ என்று பயம். மூன்று என்றால், செத்துப்போன மனுஷன் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஒன்று என்றால், பெற்ற பிள்ளை சோறு போடவில்லை என்று ஊரே பேசும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அஞ்சு ஒன்றுதான் யாரையும் கடிக்காத எண்.

என் மனசுக்குள் இருந்த எண் வேறு. பத்திரிகையில் எழுதினால் கண் படாது என்ற தைரியத்தில் இப்போது சொல்கிறேன். ஒன்பது. ஒரு படி, முட்டிக்காகக் கழித்தது.

மொசைக் போட்ட வீடு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், ராத்திரி சாப்பிட்டீகளா என்று தினமும் போனில் கேட்கிறான். ஃப்ரிட்ஜ் இருக்கிறது, துவைக்கிற மிஷின் இருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

நான் அஞ்சு சொன்னதும் நிவேதா பேனாவை மூடிவிட்டாள். முகம் வாடிப்போயிற்று. கையில் இருந்த தாள்களைப் புரட்டிக் காட்டினாள். இருபத்து மூன்று வீடு முடித்திருந்தாளாம். இருபத்து இரண்டு வீட்டில் அஞ்சு. ரிட்டயர்டு வாத்தியார் மனைவி சரோஜா மட்டும் அஞ்சரை. படித்தவர் வீடல்லவா.

“எங்க மேடம் நம்ப மாட்டாங்கம்மா. நான் வீட்டுல உக்காந்து நானே நிரப்பிக் கொண்டுவந்தேன்னு சொல்லுவாங்க. ஒரு வருஷம் போயிரும்” என்றாள். கண் கலங்கியது. அதை மறைக்கத் தண்ணீர் கேட்டாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் அடுத்து வாயைத் திறந்தது பாவத்தினால் இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு மீனாளும் அஞ்சு சொல்லியிருக்கிறாள் என்று அந்தத் தாளில் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

மீனாள் என் ஓரகத்தி, என் கொழுந்தன் பொண்டாட்டி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். அவள் வீட்டில் எட்டுப் பேர். குளியலறை ஒன்று. காலை ஏழு மணிக்கு அந்தக் கதவைத் தட்டுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அடுப்படி ஓட்டில் இரண்டு உடைந்து, மழைக்குச் சட்டி வைக்கிறாள். அவளும் அஞ்சு, நானும் அஞ்சா?

“அவ எப்படி அஞ்சு சொல்லலாம்? மூணு. அதுக்கு மேல ஒரு படி குடுக்காதே” என்றேன்.

தண்ணீர்ச் செம்போடு நின்ற நிவேதா மெதுவாகப் பேனாவைத் திறந்தாள்.

“அப்ப சரோஜாம்மாவுக்கு எத்தனைம்மா?”

அன்றைக்கு முழுவதும் அந்தப் பெண் தெருவில் இரண்டாவது சுற்று சுற்றினாள். இந்தத் தடவை யாரிடமும் அவரவரைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டாள். காலையில் அரை நிமிஷத்தில் அஞ்சு சொல்லி அனுப்பியவர்கள், சாயங்காலம் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, முறுக்குக் கொடுத்து, வாசல் வரை வந்து இன்னொன்று மறந்துவிட்டேன் என்று கூப்பிட்டுச் சொன்னார்களாம். தாள் பத்தாமல் பின்பக்கமெல்லாம் எழுதினாள்.

முள்ளின்மேல் வைக்கோல்

எங்கள் காலத்திலும் அடுத்த வீட்டின் தரம் பார்த்தோம். ஏணி இல்லாமல் பார்த்தோம், அவ்வளவுதான்.

என்னைக் கட்டிக்கொடுக்குமுன் என் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். வீட்டுக்குள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே இடப்பக்கம் இருந்த வைக்கோல் படப்பைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு, யானை படுத்தது மாதிரி இருந்ததாம். இம்புட்டு வைக்கோல் இருக்கிற வீட்டில் சோத்துக்குக் குறை இருக்காது என்று அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை நெட்டையா குட்டையா என்று அம்மா கேட்டதற்குப் படப்பின் உயரத்தைச் சொன்னார்.

கல்யாணமாகி வந்த வருஷம் மழை இல்லை. மாடுகளுக்குப் படப்பில் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தோம். பங்குனி வாக்கில் ஒருநாள் கையை உள்ளே விட்டு இழுத்தேன், நறுக்கென்று குத்தியது. உள்ளே முழுக்கக் கருவை முள். வெட்டிய முள்ளைக் குவித்து, அதன்மேல் ஒரு முழத்துக்கு வைக்கோலைப் போர்த்தியிருந்தார் என் மாமனார். அந்தப் படப்பைக் காட்டித்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் பெண் எடுத்தார்.

ரத்தம் வந்த விரலோடு மாமியாரிடம் போய்க் காட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. எங்க அப்பாவும் அதப் பாத்துத்தான் என்னையக் குடுத்தாரு, போயி மஞ்சளை வை என்றார்.

ஆச்சி வீட்டுச் சாமான்

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் அம்மா, ஊருக்குள் இருந்த ஒரு பெரிய வீட்டுக்கு நெல் அவிக்கப் போவார். நானும் கூடவே போவேன். அந்த வீட்டு ஆச்சி ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தார்கள். இங்கே வா குட்டி என்று கூட்டிப் போய் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள்.

தரையிலிருந்து உத்தரம் வரை சாமான். பித்தளை அண்டா, எனாமல் அடுக்கு, பீங்கான் ஜாடி, கைப்பிடி வைத்த பூப்போட்ட தூக்கு. எல்லாம் அவர்களுடைய கல்யாணத்துக்கு வந்த சீர். ஒன்றுகூட அடுப்பு கண்டதில்லை. ஒன்றுகூடத் தண்ணீர் கண்டதில்லை. நான் ஒரு தூக்கைத் தொட்டுவிட்டேன். கைரேகை படும் என்று உடனே முந்தானையால் துடைத்தார்கள்.

அன்றைக்கு ஆச்சி மதியச் சாப்பாடு சாப்பிட்டதைப் பார்த்தேன். நசுங்கின, ஈயம் பூசின கிண்ணத்தில் மோர்சாதம்.

நிவேதா அந்த ஆச்சியிடம் ஏணியை நீட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இந்த ஏணி எந்த ஊர்லேருந்து வந்தது, இது மாதிரி நம்ம வீட்டுல ரெண்டு டஜன் இருக்கே என்று சொல்லியிருப்பார்கள். அவர்களைச் சொல்லி என்ன? எனக்கு வந்த பதினாறு எவர்சில்வர் தட்டில் பதினைந்து, பரணில்தான் இருந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

காற்றில் பறந்த தாள்

மறுநாள் மதியத்துக்கு மேல் நிவேதா விடைபெற வந்தாள். முகம் தெளிந்திருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எல்லாப் படியும் கிடைத்துவிட்டதாம். யார் யாருக்கு என்ன போட்டார்கள் என்று மட்டும் சொல்லமாட்டாளாம். அது ரகசியம், அவள் படிப்பின் தர்மம் என்றாள்.

தர்மத்தை மின்விசிறி கெடுத்தது. பையில் வைக்கத் தாள்களை எடுத்தவள் கை தவறிவிட்டாள். தாள் பூராவும் தரையில் பறந்தது. நானும் குனிந்து பொறுக்கினேன். முட்டி வலியையும் மீறிக் குனிந்தேன் என்று கணக்கில் வையுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்தத் தொடருக்கு நான் எழுதுவதில் ஒற்றெழுத்தெல்லாம் பத்திரிகைக்காரர்கள்தான் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கதவு எண் படிக்கத் தெரியும். ஏணி படிக்கப் படிப்பே தேவையில்லை. என் கையில் வந்த தாளில் மேலே என் வீட்டுக் கதவு எண். சொன்னவர் என்ற இடத்தில் மீனாள் வீட்டு எண். கீழே ஏணி. ஏணியில் தரையிலிருந்து இரண்டாவது படியில் ஒரு டிக் மார்க்.

இரண்டு.

தாளைக் கவிழ்த்து மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போம்மா என்று அனுப்பியும் வைத்தேன்.

அவள் போனபின் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். எது குறை? மொசைக் தரையில் முகம் தெரிகிறது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன், உள்ளே விளக்கு எரிகிறது. குழாயைத் திருகினேன், தண்ணீர் வருகிறது. குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தேன், உள்ளேயிருந்து யாரும் இருங்க வாரேன் என்று சொல்லவில்லை. நிம்மதியாக இருந்தது. பிறகு நிம்மதியாக இல்லை.

ராத்திரி மகன் போன் செய்தபோது, நம்ம வீடு நல்ல வீடுதானடா என்று கேட்டேன். ஏம்மா, கதவு கிதவு இறங்கிருச்சா என்று கேட்டான்.

ஒற்றைத் தட்டு

எங்கள் வீடும் மீனாள் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது குறுக்கே ஒரு சுவர் எழுந்தது. கொல்லைப்பக்கம் மட்டும் அந்தச் சுவர் நெஞ்சு உயரம்தான். இங்கே என் துவைகல், அந்தப் பக்கம் அவள் துவைகல். கருவேப்பிலை, காப்பித்தூள், ஊர் வம்பு எல்லாம் அதன்மேல்தான் போய் வரும்.

மறுநாள் அவள் துணி அலசும் நேரம் பார்த்துப் போய் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை. எனக்கு ரெண்டு போட்டியாமே என்று கேட்டேன்.

மீனாள் மறுக்கவில்லை. பாவாடையைப் பிழிந்து உதறிச் சுவரில் போட்டாள். என் முகத்தில் நாலு சொட்டு தெறித்தது.

“ஆமாக்கா. ஒண்ணு போடலாம்னுதான் இருந்தேன். ஃப்ரிட்ஜுக்காக ஒண்ணு சேத்தேன்.”

“எனக்கு என்னடி கொறச்சல்?”

“மத்தியானம் உங்க பக்கம் தட்டுக் கழுவுற சத்தம் கேக்கும்க்கா. ஒரு தட்டு, ஒரு டம்ளரு, ஒரு கரண்டி. அம்புட்டுத்தேன், நின்னுபோகும். அதைக் கேட்டா எனக்குச் சோறு இறங்காது.”

அவள் விடவில்லை, இன்னொரு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். நீங்க எனக்கு மூணு போட்டிருப்பீக, என் ஓட்டை நிமிந்து நிமிந்து நீங்க பாக்குறது எனக்குத் தெரியும் என்றாள். எனக்குக் காது சுட்டது.

அப்புறம் பழசை எடுத்தாள். பாகம் பிரிக்குமுன், நாங்கள் இரண்டு பேரும் மதியம் மூன்று மணிக்கு அடுப்படியில் சட்டியை நடுவில் வைத்துச் சாப்பிடுவோமே, அதைவிட ஒரு நல்ல காலம் உண்டா என்றாள். சிரித்துச் சிரித்துப் புரையேறுமாம். மாமியார் கூடத்திலிருந்து என்னங்கடி சத்தம் என்று அதட்டுவாராம்.

இங்கேதான் அந்தப் பெரிய காரணத்தைச் சொல்ல வேண்டும். எனக்கும் அந்தச் சட்டி ஞாபகம் இருக்கிறது. ஆம்பளைகள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, பண்ணையாட்களுக்குப் போட்டு, கடைசியாக எங்களுக்கு மிஞ்சும் சட்டி. மீன் குழம்பு என்றால் மீன் இருக்காது, குழம்பில் மீன் போன வாசம் இருக்கும். சோறு அடிப்பிடித்து ஆறிக் கட்டியாகியிருக்கும். முப்பது வருஷம் நான் ஆவி பறக்கிற சோற்றைப் பிறத்தியார் இலையில்தான் பார்த்தேன்.

இப்போது பன்னிரண்டரைக்கெல்லாம் உலை இறக்குவேன். முதல் கரண்டி எனக்கு. முதல் மீன் துண்டு எனக்கு. தலையில்லை, வாலில்லை, நடுத்துண்டு. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் எடுத்து வைக்க வேண்டாம். அந்தச் சோற்றின் சூடுதான் என் ஒன்பதாவது படி.

இதை மீனாளிடம் சொன்னேன். என்னத்தச் சிரிச்ச, பசியில காது அடச்சுக் கெடந்தோம்டி என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்குப் பசித்ததாக ஞாபகமே இல்லை என்றாள். எப்படி இருக்கும்? பாவம் சின்னவள் என்று நான்தான் என் பங்கில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிடுவேனே.

பரணிலிருந்து இறங்கியவை

எனக்கு ரோஷம் அதிகம். என் அம்மா கொடுத்த சீரில் குறையாமல் வந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் மதியம் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன். இந்த வயதில் ஏறக்கூடாது, தெரியும். சாப்பிட்டு முடித்துக் கொல்லைக்குப் போய், சாப்பிட்ட தட்டையும் சாப்பிடாத தட்டையும் கழுவினேன். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று கணீரென்று வைத்தேன். சுவருக்கு அப்பால் துணி துவைக்கிற சத்தம் நின்றது.

அதற்கடுத்த நாள் மூன்று தட்டு, மூன்று டம்ளர். குழம்புக் கரண்டியால் அண்டாவில் ஒரு தட்டும் தட்டினேன். அன்றைக்குச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது.

யாருக்கா விருந்தாளி என்று கேட்டாள். வருவாக, போவாக என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்ததும் எனக்கே வெட்கமாகப் போயிற்று. என் மாமனார் முள்ளின்மேல் வைக்கோல் போர்த்தினார். நான் இல்லாத விருந்தாளிக்குத் தட்டுக் கழுவுகிறேன். அந்த வீட்டு மருமகள் என்பதில் சந்தேகமே இல்லை.

வெட்கப்பட்டேன் என்றா விட்டேன்? மூன்றாம் நாளும் தட்டை இறக்கினேன்.

அன்றைக்குக் கண்மாயில் பிடித்த விரால் வந்திருந்தது. புளி கரைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, மண்சட்டியில் குழம்பு வைத்தேன். சோறு ஆவி பறந்தது. என் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே, கழுவப்போகிற அந்தச் சுத்தமான தட்டு. எடுத்து மறைக்க நேரமில்லை. கிரில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது, அடுத்த நிமிஷம் மீனாள் அடுப்படி நிலையில் நின்றாள். விருந்தாளியைக் கண்டுபிடித்துவிடுவது என்றே வந்திருக்கிறாள்.

அவள் என்னைப் பார்த்தாள். என் தட்டைப் பார்த்தாள். ஈரம்கூட இல்லாத மற்றத் தட்டைப் பார்த்தாள். வீடு முழுக்க வேறு ஆள் அரவம் இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் சிரிக்கும் என்று நினைத்தேன்.

மீனாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தத் தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நான் சோறு போட்டேன். குழம்பை ஊற்றி, நடுத்துண்டை எடுத்து வைத்தேன். அவள் சோற்றில் கை வைத்தவள், சுரீரென்று எடுத்து விரலை ஊதினாள்.

“இம்புட்டுச் சூடாவாக்கா திம்பீக?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேருக்கும் போட்டுவிட்டு அவள் இன்றைக்கும் மூன்று மணிக்குத்தான் சாப்பிடுகிறாள். யாரும் அவளைக் கடைசியில் சாப்பிடச் சொல்லவில்லை. அவள் மருமகள் நல்ல பெண், வாங்கத்தே வாங்கத்தே என்று கூப்பிடுகிறவள்தான். மீனாளுக்குத்தான் எல்லோரும் எழுந்த பிறகு உட்கார்ந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். சூடான சோற்றை விரலுக்குப் பழக்கவே இல்லை.

ஊதி ஊதித் தின்றாள். முள்ளை ஓரமாக அடுக்கினாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

“இப்பச் சொல்லு, எனக்கு எத்தனாவது படி?” என்றேன்.

“மூணு.”

“விரால் நடுத்துண்டுக்கு ஒரே ஒரு படிதானா?”

“உப்புக் கம்மிக்கா” என்றாள்.

நானும் என் மனசில் அவளுக்கு ஒரு படி ஏற்றிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஒரேயடியாக ஏற்றினால் மயக்கம் வரும்.

யார் வந்திருக்கிறது?

பிறகு அது வழக்கமாகிவிட்டது. தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். அவள் வீட்டில், தெருக்கோடியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவாள். இங்கே ஒரு வாய் தின்றேன் என்று தெரிந்தால், நம் வீட்டுச் சோறு பிடிக்கவில்லையோ என்று மருமகள் நினைத்துக்கொள்வாள், ஊர் என்ன சொல்லும் என்று பயம். எட்டுப் பேருக்குச் சமைக்கிறவள் அடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த எட்டுப் பேருக்கும் கௌரவக் குறைச்சல். எனக்கு அது புரிந்தது. நான் காக்கிற கௌரவம் மட்டும் என்ன வாழ்ந்தது?

ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நிவேதா போன் செய்தாள். மேடத்துக்கு எழுதினது பிடித்துவிட்டதாம். கடைசிப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று வேண்டுமாம். உங்க எண்ணை நீங்களே, உள்ளதை உள்ளபடி, ஒரு தடவை சொல்லுங்கம்மா என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மீனாள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

“அஞ்சு” என்றேன்.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. இந்தப் பக்கம் மீனாள் சோற்றை விழுங்கிவிட்டு, “எனக்கும் அஞ்சுன்னு சொல்லிருங்கக்கா” என்றாள்.

சாப்பிட்டதும் கழுவுகிறேன் என்று இரண்டு தட்டையும் அவளே தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். என் முட்டிக்கு அது ஓர் உபகாரம். துவைகல்லில் உட்கார்ந்து இரண்டு தட்டையும் கணீர் கணீரென்று கீழே வைத்து, ஒன்றைக் கழுவினாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் மருமகளின் குரல் வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. முகம் தெரியவில்லை. சுவரோரம் குனிந்து ஏதோ அள்ளிக்கொண்டிருந்தாள்.

“பெரியத்தே, அங்குட்டு யாரு வந்திருக்கா? ரெண்டு தட்டுச் சத்தம் கேக்குது?”

மீனாள் அப்படியே உறைந்தாள். சோப்பு நுரை வழிகிற விரலை உதட்டில் வைத்து என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். இரண்டு மூன்று நாள் இந்தக் கேள்விக்காகத்தானே நான் பரணேறினேன். இப்போது கேட்டாயிற்று. பதிலும் கையில் இருக்கிறது, துவைகல்லில் நுரையோடு உட்கார்ந்திருக்கிறது.

“யாரும் இல்லத்தா. நான் ஒருத்திதான்” என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மீனாள் இரண்டாவது தட்டைச் சத்தமில்லாமல் கல்லில் வைத்தாள்.